சட்டப் படிப்பின் கடைசி வருஷம் அவசியமா?

(கோவண்டியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் செயலாளர் நோட்டீஸில் போட்டதும் சிலர், "சயன்ஸ் படித்து கவர்ன்மெண்டில் உத்தியோகம் பார்த்தவருக்கும் லா காலேஜுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். நான் வக்கீல் இல்லை. ஆனால் சர்வீஸ் முழுவதும் வக்கீல்கள் எழுதிய காகிதங்களைப் படித்தவன். சிவில் ப்ரொசீஜர் கோட் 80-ஆம் பிரிவின்படி, சர்க்கார் மேல் வழக்குப் போடுவதற்கு இரண்டு மாதம் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். அப்படி வரும் நோட்டீஸ்களையும், அபிடவிட்டுகளையும், இலாகா விசாரணைக்கு வரும் பதில்களையும் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வேலை தெரிந்தவர் எழுதியதா, பரீட்சை மட்டும் பாஸ் பண்ணியவர் எழுதியதா என்பது இரண்டாவது பாராவிலேயே தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

நம் குடும்பங்களில் பி.எஸ்ஸி., பி.காம்., என்ஜினீயரிங் முடித்த குழந்தைகள் பலர் இப்போது மூன்று வருஷ எல்.எல்.பி.யில் சேருகிறார்கள். இரண்டாவது வருஷம் முடிவதற்குள் ஏதாவது ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைப் பார்க்கும் வேலை வந்துவிடுகிறது. சம்பளமும் நன்றாக இருக்கிறது. உடனே வீட்டில், "இன்னும் ஒரு வருஷம் எதற்கு? வகுப்பு நடக்கிறதோ இல்லையோ, வருகைப் பதிவுக்காகப் போய் வருவதில் என்ன பிரயோஜனம்?" என்ற பேச்சு கிளம்புகிறது. ஐந்து வருஷப் படிப்பில் இருப்பவர்களுக்கும் நான்காவது வருஷத்தோடு இதே சலிப்பு வருகிறது.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவிலும் சட்டப் படிப்பு மூன்று வருஷம். 2013 ஆகஸ்டில் அப்போதைய ஜனாதிபதி ஒபாமா, பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, லா காலேஜை இரண்டு வருஷமாகக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம், மூன்றாவது வருஷம் மாணவர் ஒரு நீதிபதியிடமோ வக்கீல் ஆபீஸிலோ வேலை பழகலாம் என்ற கருத்தைச் சொன்னார். அவரே ஹார்வர்டில் சட்டம் படித்து, சிகாகோவில் அரசியல் சட்டம் போதித்தவர். மறு வருஷம், 2014 மே மாதம், அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஸ்காலியா, வில்லியம் அண்ட் மேரி பட்டமளிப்பு விழாவில் இதை எதிர்த்து, மூன்று வருஷமும் வேண்டும் என்று வாதாடினார். இருவரும் சாமானியர்கள் அல்ல.

ஆனால் அங்கே எழுந்த கேள்வியை அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. அங்கே மூன்றாவது வருஷம் என்றால் பெரிய கடன் சுமை. இங்கே சர்க்கார் காலேஜிலும் உதவி பெறும் காலேஜிலும் படிக்கும் பிள்ளைக்கு ஃபீஸ் பெரிய பாரம் இல்லை. ஒரு வருஷச் சம்பளம் தள்ளிப் போகிறது என்பதுதான் நஷ்டம். தனியார் காலேஜ் என்றால் கணக்கு வேறு; அதை அவரவர் போட்டுப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், நம் நாட்டில் அந்த மூன்றாவது வருஷம் வந்த கதை.

பழைய நாளில் நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சட்டப் படிப்பு இரண்டே வருஷம்தான். படிப்பு முடிந்ததும் மெட்ராஸில் ஒரு சீனியர் வக்கீலிடம் அப்ரெண்டிஸாக உட்கார வேண்டும். அங்கே ஜூனியருக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் தொழில் கிடைக்கும். பம்பாயில் சாலிசிட்டர் ஆக விரும்பியவர்கள் ஃபோர்ட் பகுதி ஆபீஸ்களில் ஆர்ட்டிகிள் கிளார்க்காக வருஷக்கணக்கில் பழகினார்கள்.

1961-இல் அட்வகேட்ஸ் ஆக்ட் வந்தது. அதன் 24-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். 1967-68 கல்வி ஆண்டிலோ அதற்கு முன்போ சேர்ந்தவர்களுக்கு இரண்டு வருஷப் படிப்பு போதும். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு மூன்று வருஷம் கட்டாயம். அதே பிரிவில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பட்டம் பெற்றபின் மாநில பார் கவுன்சில் விதிக்கும் பயிற்சியை முடித்து, அதற்கான பரீட்சையும் எழுத வேண்டும் என்பது அது. 1973-இல் வந்த திருத்தச் சட்டம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. அதாவது காலேஜில் ஒரு வருஷம் கூடியது, கோர்ட்டில் பழகும் கட்டாயம் போயிற்று. 1995-இல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா ஒரு வருஷப் பயிற்சியை விதிகள் மூலம் திரும்பக் கொண்டு வரப் பார்த்தது. அப்படி விதி செய்ய அதற்கு அதிகாரம் இல்லை என்று 1999-இல் சுதீர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த விதிகளை ரத்து செய்தது.

இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். முன்பு சீனியர் ஆபீஸில் கழிந்த பழகு வருஷத்தின் வேலையை இன்று காலேஜின் கடைசி வருஷம்தான் செய்தாக வேண்டும். வேறு இடம் கிடையாது. அதையும் விட்டுவிட்டால் பிள்ளை எங்கேயுமே பழகாமல் கருப்பு கோட்டு போட வேண்டியதுதான்.

காகிதத்தில் இதற்கு ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. பார் கவுன்சிலின் 2008-ஆம் வருஷ சட்டக் கல்வி விதிகள் நான்கு செய்முறைப் பாடங்களை வைத்திருக்கின்றன. மனுக்களும் பத்திரங்களும் எழுதுவது, தொழில் தர்மமும் கணக்கும், சமரசம் போன்ற மாற்று வழிகள், மாதிரி நீதிமன்றமும் பயிற்சியும். கடைசியாகச் சொன்ன பாடத்துக்கு 100 மார்க். மாதிரி வாதங்களுக்கு 30. ஒரு சிவில், ஒரு கிரிமினல் என்று இரண்டு வழக்குகளின் விசாரணையை நேரில் கவனித்துக் குறிப்பு எழுத 30. கட்சிக்காரரிடம் வக்கீல் விவரம் கேட்பதைக் கூட இருந்து பார்ப்பது, வழக்குக்கு ஆயத்தம் செய்வது, பயிற்சி டயரி எல்லாவற்றுக்கும் சேர்த்து 30. வாய்மொழித் தேர்வுக்கு 10. இது தவிர, மூன்று வருஷப் படிப்பில் மொத்தம் 12 வாரமும் ஐந்து வருஷப் படிப்பில் 20 வாரமும் வெளியே பயிற்சி பெற வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் சிவில், கிரிமினல் நடைமுறைச் சட்டங்களும் சாட்சியச் சட்டமும் படிப்பின் பிற்பகுதியில்தான் வருகின்றன. கோர்ட்டில் தினமும் புரட்ட வேண்டிய புத்தகங்கள் இவைதான்.

என்னைப்போல் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சால்ட் அனாலிஸிஸ் ஞாபகம் இருக்கும். டெஸ்ட் ட்யூபைத் தொடாமலே பக்கத்துப் பையன் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, டெமான்ஸ்ட்ரேட்டரிடம் கையெழுத்து வாங்கியவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு. பாஸ் பண்ணினார்கள். ஆனால் கையில் உப்பைக் கொடுத்து "இது என்ன?" என்று கேட்டால் முழித்தார்கள். லா காலேஜ் பயிற்சி டயரிக்கும் இதே கதி நேரலாம். கோர்ட் வாசலை மிதிக்காமல் இரண்டு விசாரணைக் குறிப்பு எழுதிவிட முடியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கெமிஸ்ட்ரியில் உப்பு தப்பினால் மார்க் போகும், அவ்வளவுதான். இங்கே தப்பினால் ஒருவருடைய வீடு போகும், அல்லது ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருப்பார்.

ஆகவே கடைசி வருஷம் வீண் என்று சொல்பவர்கள் பாதி சரி. அதை வீணாக்க முடியும் என்பது உண்மை. அதற்காக அதை விட்டுவிடலாம் என்பது சரியான முடிவு ஆகாது.

சமீப வருஷங்களில் நடந்த மூன்று விஷயங்கள் இந்தக் கடைசி வருஷத்தின் மதிப்பைக் கூட்டியிருக்கின்றன. பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அகில இந்திய பார் பரீட்சை. 2011-இல் முதல் முறையாக நடந்தது. அதை நடத்தும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உண்டு என்று 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் பெஞ்ச் தீர்ப்புக் கூறியது. கடைசி செமஸ்டர் மாணவர்களையும் எழுத அனுமதிக்கலாம் என்றும் அதில் யோசனை சொன்னது. 2024-இல் கோர்ட் உத்தரவின் பேரில் அந்த வருஷப் பரீட்சைக்குக் கடைசி வருஷ மாணவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. பட்டம் வாங்கியபின் பரீட்சைக்காகக் காத்திருந்த மாதங்கள் இதனால் மிச்சமாகின்றன.

இரண்டாவது, நீதிபதி வேலை. கீழ்க் கோர்ட் சிவில் ஜட்ஜ் பதவிக்கு மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே 20-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மீண்டும் கொண்டு வந்தது. அந்த மூன்று வருஷத்தைத் தாற்காலிகப் பதிவு நாளிலிருந்து கணக்கிடலாம் என்றும் சொன்னது. நம் வீட்டுப் பெண்கள் பலர் நினைத்திருக்கும் பதவி இது. கடைசி வருஷத்தை இழுத்தடித்தால் இந்த மூன்று வருஷமும் தள்ளிப் போகும்.

மூன்றாவது, புதிய கிரிமினல் சட்டங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா முதலிய மூன்று சட்டங்கள் அமலுக்கு வந்தன. 1860-ஆம் வருஷ இந்தியன் பீனல் கோடும், 1872-ஆம் வருஷ சாட்சியச் சட்டமும், 1973-ஆம் வருஷ கிரிமினல் நடைமுறைச் சட்டமும் போயின. முதல் வருஷத்தில் 302, 420 என்று படித்தவர்கள் நடுவில் 103, 318 என்று மாற்றிப் படிக்க வேண்டி வந்தது. ஆனால் அதற்கு முந்தின குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். இரண்டையும் அருகருகே வைத்துப் பழகக் கோர்ட்டைவிட நல்ல வகுப்பு கிடையாது.

எல்லோரும் மூன்று வருஷமும் படித்தே ஆக வேண்டுமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். சட்ட அறிவு மட்டும் போதும் என்பவர்களுக்காக முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பி.ஜி.எல். அஞ்சல் வழியில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. சயன்ஸ் பட்டதாரிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பேடண்ட் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, சயன்ஸ் அல்லது என்ஜினீயரிங் பட்டத்தோடு பேடண்ட் ஏஜெண்ட் பரீட்சை எழுதலாம், எல்.எல்.பி. தேவையில்லை. அந்த வேலைதான் விருப்பம் என்றால் லா காலேஜில் சேருவதற்கு முன்பே யோசித்திருக்கலாம். ஆனால் இரண்டு வருஷம் படித்தபின் நிறுத்துவது என்பது சாம்பாரைக் கொதிக்க வைத்துவிட்டு உப்புப் போடாமல் இறக்குவது போல. கம்பெனி வேலை நிரந்தரம் இல்லை. நாற்பது வயதில் அந்த வேலை போனால், பட்டம் உள்ளவர் பார் கவுன்சிலில் பதிவு செய்து கோர்ட்டுக்குப் போகலாம். பட்டம் இல்லாதவர் வக்கீலாகத் தொழில் நடத்தினால் அட்வகேட்ஸ் ஆக்ட் 45-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை தண்டனை.

இனி நம் இடத்துக்கு வருகிறேன். கோவண்டியில் இருக்கும் மாணவர் பழகுவதற்கு ஃபோர்ட் வரை போக வேண்டியதில்லை. இங்கே ரயில் ஏறினால் செம்பூர், திலக் நகர், மூன்றாவது ஸ்டேஷன் குர்லா. அங்கே மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது. பக்கத்திலேயே தேவ்நாரில் டாடா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. அதன் 'பிரயாஸ்' திட்டம் 1990 முதல் விசாரணைக் கைதிகளுக்கும் காவலில் உள்ள பெண்களுக்கும் உதவி வருகிறது. சிவாஜி நகர், பைங்கன்வாடி மக்களுக்கு ரேஷன் கார்டு முதல் ஜாமீன் வரை எல்லாவற்றுக்கும் சட்டம் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார். 1987-ஆம் வருஷ சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இதை எடுத்துச் சொல்லி, மனு எழுத உதவ ஒரு கடைசி வருஷ மாணவரால் முடியும். பதிவு ஆகாததால் கோர்ட்டில் வாதாட முடியாது. ஆனால் பெரியவர் ஒருவர் தன் குறையை முன்னும் பின்னுமாகச் சொல்லும்போது, அதில் தேதி எது, நடந்தது எது, வேண்டுவது எது என்று பிரித்து எழுதக் கற்றுக்கொண்டால் போதும். நான் சொன்ன அந்த இரண்டாவது பாரா தானாகவே சரியாக வரும்.

கடைசியாக, நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள். பல ஊர்களிலும் உள்ள கிளைகள் இதைச் செய்யலாம். ஒன்று, நம்மில் இருக்கும் வக்கீல்கள் வருஷத்துக்கு ஒரு கடைசி வருஷ மாணவருக்காவது தங்கள் ஆபீஸில் இடம் கொடுக்க வேண்டும். போக்குவரத்துச் செலவுக்காவது ஏதாவது கொடுத்தால் ரொம்ப நல்லது. இரண்டு, என்னைப்போல் ரிடையர் ஆன ஆபீஸர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மனுவும் பதிலும் எழுதச் சொல்லிக் கொடுக்கலாம். சர்க்கார் ஒரு காகிதத்தை எப்படிப் படிக்கிறது என்பது நமக்குத் தெரியும். மூன்று, ஹவுஸிங் சொசைட்டி தகராறு, உயில், நாமினேஷன் என்று நம் மாமா மாமிகளுக்கு வரும் சந்தேகங்களை ஒரு வக்கீல் மேற்பார்வையில் மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குப் பழக்கம், பெரியவர்களுக்கு உபகாரம்.

வேலை கிடைத்திருக்கும் பிள்ளையை வேலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேளுங்கள். அது முடியாவிட்டால் காலை வகுப்பு உள்ள காலேஜாகப் பாருங்கள். பட்டத்தை முடிக்க வையுங்கள். முடிக்கும்போது "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு, "எந்த இரண்டு கேஸ் விசாரணையைப் பார்த்தாய்?" என்றும் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் வந்தால் அந்த வருஷம் வீண் போகவில்லை.