குதிரையின் காலுக்கு எது காப்பு?

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. முன்புறம் எலும்பு, பின்புறம் கயிறுபோல் இறங்கும் தசைநாண்கள், அவற்றைப் போர்த்திய மெல்லிய தோல்; அவ்வளவுதான். குதிரையின் எடை ஏறத்தாழ 500 கிலோ. அதில் 60 விழுக்காட்டை இந்த இரண்டு முன்னங்கால்களே சுமக்கின்றன. அந்தக் காலில் சவாரிப் பயிற்சியின்போது எதைக் கட்டுவது, எப்போது வெறுங்காலாக விடுவது என்பது குதிரைக்குக் குதிரை, வேலைக்கு வேலை மாறும். சுங்கை பூலோ, டெனாய் ஆலம், ரவாங், புக்கிட் கியாரா என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் குதிரை ஏறும் இடங்களில் வெயிலும் மழையும்கூட இந்த முடிவில் பங்கு கேட்கின்றன.

குதிரை தன் காலைத் தானே அடித்துக்கொள்ளும் என்பது, அதை அருகில் பார்த்திராத நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். இந்த அடி மூன்று விதமாக விழும். ஒரு காலின் குளம்பு எதிர்க்காலின் உட்புறத்தை, பெரும்பாலும் கணுவை, உரசும். பின்னங்குளம்பின் நுனி முன்னங்காலின் குதியை மிதிக்கும். அதே நுனி இன்னும் உயரத்தில் பட்டால், அடி தசைநாணிலேயே விழும். இவற்றோடு, தாண்டும்போது கட்டை இடிப்பதும் உண்டு. இளங்குதிரை, களைத்த குதிரை, கால் உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ திரும்பிய குதிரை ஆகியவை அதிகம் அடித்துக்கொள்ளும். லாடம் அடித்த குளம்பு பட்டால் காயமும் ஆழமாகும்.

ஆகவே காப்பு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் காலைப் பார்க்க வேண்டும். கணுவின் உட்புறத்தில் மயிர் தேய்ந்திருக்கிறதா, குதியில் சிராய்ப்பு இருக்கிறதா, ஓடும்போது இரும்போடு இரும்பு மோதும் ஒலி கேட்கிறதா என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். குளம்பின் உட்பக்கத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து நடக்கவிட்டால், எதிர்க்காலில் வெள்ளை படியும் இடமே அடிபடும் இடம்.

இடம் தெரிந்துவிட்டால் தேர்வு எளிது. கணுவில் உரசினால் உட்புறம் தடித்த பிரஷிங் பூட். குதியை மிதித்தால் குளம்பைச் சுற்றி மணிபோல் கவியும் பெல் பூட். தாண்டும் பயிற்சிக்கு, பின்புறம் கடினமாகவும் முன்புறம் திறந்தும் இருக்கும் டெண்டன் பூட். முன்புறம் திறந்திருப்பதால் கட்டை பட்டதைக் குதிரை உணர்ந்து அடுத்த முறை காலை உயர்த்தும். ஒரு காலைக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் நகரும் பயிற்சிக்குப் பிரஷிங் பூட் போதும். காலை அடித்துக்கொள்ளாத குதிரை சமதரையில் நடையும் துள்ளோட்டமும் மட்டும் பழகும் நாளில் ஒன்றும் தேவையில்லை.

கம்பளிபோன்ற துணியில் சுற்றும் போலோ பேண்டேஜ் காலைத் தாங்கிப் பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. பாய்ச்சலில் ஒரு முன்னங்காலின் மேல் உடல் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலான விசை இறங்குகிறது. ஒரு சுருள் துணி அதைத் தாங்காது. பூட்டும் பேண்டேஜும் அடியைத்தான் தடுக்கும், சுளுக்கைத் தடுக்காது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எல்லாவற்றையும்விட முக்கியமானது வெப்பம். தசைநாண் ஒரு சுருள்வில் போன்றது. ஒவ்வோர் அடியிலும் நீண்டு, பின்பு சுருங்கி, குதிரையை முன்னே தள்ளும். நீளும்போது சேரும் ஆற்றலில் ஒரு சிறு பங்கு திரும்பி வராமல் உள்ளேயே சூடாகத் தங்கிவிடும். பாயும் குதிரையின் தசைநாண் மையத்தில் 45 பாகை செல்சியஸ் வரை வெப்பம் அளக்கப்பட்டிருக்கிறது. உடலின் வேறு பல திசுக்களில் அந்தச் சூடு நீடித்தால் செல்கள் மடியும். தசைநாணின் செல்கள் ஓரளவு தாங்கும். ஆனாலும் சூடு வெளியேற வழி வேண்டும். வெறுங்காலில் காற்றும் வியர்வையும் அந்த வழியைத் தருகின்றன. அதை மூடினால், மூடிய தடிப்புக்கு ஏற்பத் தோலின் சூடு ஏறுகிறது. துளையுள்ள பூட்டைவிடத் தடித்த பேண்டேஜின் அடியில்தான் சூடு அதிகம் தேங்கும்.

குளிர்நாட்டில் இது சிறிய கணக்கு. இங்கே பகலில் வெப்பம் 32, 33 பாகைக்குப் போகும்; காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலராது. அதனால் இங்குள்ள லாயத்துக்கு எடை குறைந்த, காற்றுத்துளை உள்ள, நீரை உறிஞ்சாத பூட்டே பொருந்தும். கடுமையான பயிற்சியைக் காலை வெயில் ஏறுமுன் முடிப்பதும் காலுக்கு ஒரு காப்புதான். பிற்பகல் இடிமழைக்குப் பின் ஈரமணலில் ஓட்டினால், போலோ பேண்டேஜ் நீரைக் குடித்துக் கனத்து நழுவும். அவிழ்ந்த முனையைக் குதிரை மிதித்தால் ஏறியவரும் சேர்ந்து விழுவார். பூட்டுக்குள் புகும் மணலோ உப்புத்தாள்போல் தோலைத் தேய்க்கும். அந்தத் தேய்ந்த ஈரத்தோலில் டெர்மடோஃபிலஸ் என்னும் நுண்ணுயிர் குடியேறினால் பொருக்குப் புண் வரும்.

அணிவிக்கும் முறையும் தேர்வில் அடங்கியதே. முதலில் காலைத் துடைத்து, ஒட்டிய மணலை உதிர்க்க வேண்டும். பூட்டைச் சற்று மேலே வைத்து, மயிர் படியும் திசையில் கீழே இழுத்து அமர்த்த வேண்டும். பட்டைகள் வெளிப்புறத்தில், முனை பின்னோக்கி முடிய வேண்டும். எல்லாப் பட்டைகளும் ஒரே இறுக்கத்தில் இருந்து, ஒரு விரல் நுழைய இடம் இருக்கட்டும். முழங்கால் மடங்குவதைப் பூட்டின் மேல்விளிம்பு தடுக்கக் கூடாது. பேண்டேஜ் சுற்றினால் முந்தைய சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அங்கே தசைநாண் நசுங்கும்.

போட்டிக்குப் போகும் குதிரைக்கு விதிகளும் உண்டு. அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்படி, குதிரையின் நடையை மதிப்பிடும் டிரெசாஜ் போட்டித் திடலுக்குள் பூட்டோ பேண்டேஜோ கூடாது. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மலேசியாவின் காபில் அம்பாக் தனிநபர் டிரெசாஜில் வெள்ளி வென்ற போட்டியும் அந்த வெறுங்கால் விதியில் நடந்ததே. தாண்டும் போட்டியில் பூட் உண்டு. ஆனால் ஒரு காலில் கட்டுவது, லாடம் நீங்கலாக, 500 கிராமைத் தாண்டக் கூடாது. பின்னங்காலை வலிந்து உயர்த்தவைக்கும் பூட்டுகளைத் தடுக்க, 2021 ஜனவரி 1 முதல் பின்னங்கால் பூட்டின் வடிவமும் எல்லாத் தாண்டும் போட்டிகளிலும் கட்டுப்படுத்தப்பட்டது. திடலுக்குள் எதையும் கட்ட முடியாது என்பதால், டிரெசாஜுக்குத் தயாராகும் குதிரை பயிற்சியிலேயே வெறுங்காலுக்குப் பழக வேண்டும்.

பயிற்சி முடிந்த உடனே எல்லாவற்றையும் கழற்றி, காலைக் குளிர்ந்த நீரில் நனைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பூட்டையும் கழுவி உலர்த்த வேண்டும். ஒரு குதிரையின் பூட்டை இன்னொன்றுக்கு மாட்டாமல் இருப்பது நல்லது. கடைசியாக, இரண்டு முன்னங்கால்களின் பின்புறத்தையும் உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவி ஒப்பிட வேண்டும். ஒரு கால் மற்றதைவிடச் சூடாகவோ வீங்கியோ இருந்தால் மறுநாள் சவாரி இல்லை. கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் குளிர்ந்திருந்தால், அன்று காலுக்குக் கட்டியதும் கட்டாமல் விட்டதும் சரியே.