அச்சோவியமும் நம் இளஞ்சிறாரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசைக்கும் நாடகத்துக்கும் இடந்தரும் இவ்விழாவில் அச்சோவியம் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் முத்திரை குத்தும் நம்மனோர்க்கு, அச்சிட்டதெல்லாம் நகலே என்னும் எண்ணம் ஊறிப்போயிற்று. நாட்காட்டிப் படத்துக்கு அது பொருந்தும். முன்பே வரைந்த ஓவியத்தின் படி அது. அச்சோவியமோ தாளிற் பதியும்பொழுதுதான் பிறக்கின்றது.

ஓவியர் செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியாற் கீறி, அமிலத்தில் இடுகின்றார். கீறிய இடத்தை மட்டுமே அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைப் பொறியிற் செலுத்துகின்றார். இருபது படி எடுத்தால் 1/20, 2/20 எனப் பென்சிலால் எண்ணிட்டுக் கையொப்பமிடுகின்றார். இருபதும் மூலமே, இருபது இல்லங்களுக்கு உரியன.

நாம் வாழும் இம்மண் இக்கலைக்குப் பெயர்பெற்றது. மேதக் வட்டாரத்தில் 1940இல் பிறந்த லட்சுமா கௌடு, ஐதராபாத்திலும் பரோடாவிலும் பயின்று, சிற்றூர் வாழ்வைச் செப்புத் தகட்டில் தீட்டிப் புகழ்பெற்றார். சித்தூர்ப் பக்கம் 1925இல் பிறந்து 2018இல் மறைந்த கிருஷ்ண ரெட்டி, பாரிசில் மைகளின் பிசுக்கை வேறுபடுத்தி, ஒரே தகட்டில் பல வண்ணங்களை ஒருங்கே பதிக்கும் முறையை வளர்த்தார். தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர். எம். பழனியப்பன், இத்துறையில் விளங்கும் தமிழர்.

ஆயினும், கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞர்க்கு உருளைப் பொறி ஏது? அமிலத் தொட்டி வைக்க வாடகை வீட்டில் இடம் ஏது? இக்குறை தீர்க்கவே குலாம் முகம்மது ஷேக், கவிதா ஷா, விஜய் பாகோடி ஆகியோர் 1999இல் பரோடாவில் 'சாப்' என்னும் அறநிறுவனத்தைத் தொடங்கினர். பொதுப் பட்டறை, பயிற்சி, கண்காட்சி ஆகியவை அதன் பணிகள். பொறி ஒன்று, அதனாற் பயன்பெறும் கைகளோ பல.

நம் சங்கத்தாற் பொறி வாங்க இயலாதெனினும், தொடக்கப் பயிற்சிக்கு அது வேண்டியதில்லை. லினோலியத் துண்டு, செதுக்குளி, மையுருளை, தாள் ஆகியவை போதும். கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படம் பதியும். ஞாயிறுதோறும் சங்க அறையில் ஒரு மேசையை இதற்கென ஒதுக்குவோம். உளி கூரியதாதலின் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். வரும் பொங்கலுக்கு நம் சிறாரே வாழ்த்து மடல் அச்சிடட்டும்.

இதிற் பிறிதொரு பயனும் உண்டு. நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். பலர்க்குப் படிக்கத் தெரியாது. 'பொங்கல்' என்று அச்சிட வேண்டுமாயின், ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியிற் காண்பதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். கொம்பு எப்பக்கம், கால் எப்பக்கம், புள்ளி எங்கே என்று நூறு முறை உற்று நோக்காமல் அது கைகூடாது. அங்ஙனம் செதுக்கிய எழுத்தைக் கையும் மறவாது, கண்ணும் மறவாது. பாடம் என்றால் ஓடும் பிள்ளையும் மை என்றால் ஓடி வரும். அம்மேசைக்கு ஆகும் சிறு செலவைப் பகிர்ந்துகொள்ள அன்பர்கள் முன்வர வேண்டுகின்றோம்.