ஹிப்னோதெராபி: சக்தி யாரிடம் இருக்கிறது?



சித்தியவானிலோ ஆயர் தாவாரிலோ ஒருவருக்கு மாதக்கணக்கில் தூக்கம் வரவில்லை, மனம் சரியில்லை என்றால் வீட்டில் முதலில் என்ன நடக்கும்? கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் தெரிந்தவர் சொன்ன போமோவிடம் போவார்கள். மனநல மருத்துவரைப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் போதும், "என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா?" என்று கோபம் வந்துவிடும். 1911இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனைக்கு இன்று பஹாகியா உலு கிந்தா என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் பேராக் மக்களின் பயம் மட்டும் மாறவில்லை.

இந்தப் பயத்துக்கும் மந்திரக் கயிற்றுக்கும் நடுவில் இப்போது மூன்றாவதாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதுதான் ஹிப்னோதெராபி. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, பைத்தியம் என்ற பட்டமும் இல்லை. ஆகவே பலர் அதை விசாரிக்கிறார்கள். விசாரிப்பதில் தவறில்லை. ஆனால், "அவர் கண்ணைப் பார்த்தாலே மயங்கிவிடுவோமாம், நம் மனத்தில் இருப்பதை எல்லாம் உருவிவிடுவாராம்" என்ற நினைப்போடு போவதுதான் ஆபத்து. சினிமாவும் மேடை வித்தைகளும் வளர்த்துவிட்ட நினைப்பு இது. உண்மையில் அந்தச் சக்தி எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் இல்லை.

இதை 200 ஆண்டுகளுக்கு முன்பே அடித்துச் சொன்னவர் ஓர் இந்தியர். கோவாவில் கண்டோலிம் என்ற ஊரில் 1756இல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. அந்தக் காலத்து ஐரோப்பாவில் மெஸ்மர் என்ற வைத்தியர் புகழ்பெற்றிருந்தார். தம் உடம்பிலிருந்து ஒரு காந்த சக்தி பாய்ந்து நோயைத் தீர்க்கிறது என்பது அவர் வாதம். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த விசாரணைக் குழு, பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அதில் ஒருவர், அப்படி ஒரு காந்த சக்தி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் சிலர் குணமடைந்தது எப்படி என்ற கேள்வி நின்றது. 1813இல் பாரிஸில் ஃபாரியா மக்கள் முன்னிலையில் செய்து காட்டினார். நாற்காலியில் அமர வைத்து, மனத்தை ஒருமுகப்படுத்தச் சொல்லி, "உறங்குங்கள்" என்பார். சிலர் உறங்கினார்கள், சிலர் உறங்கவில்லை. என்னிடமிருந்து எதுவும் பாயவில்லை, உறங்குகிறவரின் மனமே அதைச் செய்கிறது என்பதே அவருடைய விளக்கம். ஒரு நடிகர் மயங்கியதுபோல் பாசாங்கு செய்து அவரைக் கேலிக்கு ஆளாக்கினார். 1819இல் அவர் இறந்த பிறகுதான் அவருடைய கருத்துக்கு மதிப்பு வந்தது. பானாஜியில் 1945இல் வைத்த அவருடைய சிலையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: சாய்ந்து கிடக்கும் ஒரு பெண்ணின் மேல் இரு கைகளையும் நீட்டி, ஏதோ சக்தியை இறக்குபவர் போல நிற்கிறார். எதை இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்னாரோ, அதையே சிலையாகச் செய்து வைத்துவிட்டார்கள்!

வங்காளத்து ஹூக்ளியில் நடந்தது இன்னும் வியப்பானது. 1845 ஏப்ரல் 4ஆம் நாள், ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், விரைவீக்கத்தால் அவதிப்பட்ட ஒரு கைதியின் உடல்மேல் கைகளால் நீவிநீவி அவரை ஆழ்ந்த நிலைக்குக் கொண்டுபோனார். மயக்க மருந்து நடைமுறைக்கு வராத காலம் அது. எஸ்டெயில் இந்த முறையைப் படித்திருந்தாரே தவிர, யாரும் செய்ததை நேரில் கண்டதில்லை. பின்னர் இதே முறையில் பல அறுவைச் சிகிச்சைகள் செய்தார். மணிக்கணக்கில் நீவும் வேலையை உள்ளூர் உதவியாளர்களுக்கே பழக்கிக் கொடுத்தார். 1846இல் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனையும் சோதனையாக நடத்தப்பட்டது. ஆனால், அதே 1846இல் பாஸ்டனில் ஈதரும், மறு ஆண்டில் குளோரோஃபார்மும் வந்தன. சில நிமிடங்களில், எல்லோரையும் மயங்க வைக்கும் மருந்து இருக்கும்போது, சிலருக்கு மட்டும் பலிக்கும் முறை எதற்கு? அது ஓரங்கட்டப்பட்டது. அது நியாயமும்தான்.

சிலருக்கு மட்டும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1959இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஹில்கார்டும் வைட்சன்ஹோஃபரும் இதை அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். ஒரு சிலர் மிக எளிதாக ஆழ்ந்து போகிறார்கள், ஒரு சிலர் அசைவதே இல்லை, பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள். இது புத்திசாலித்தனத்தையோ மன உறுதியையோ பொறுத்ததல்ல. கதைப் புத்தகத்தில் மூழ்கியவர் வாசலில் கூப்பிடுவது கேட்காமல் இருப்பாரே, அந்தக் குணத்துக்கு நெருக்கமானது. காவடி எடுப்பவர் உறுமி மேளத்தில் ஒன்றிப்போவதைப் பார்த்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. மனம் ஒன்றில் குவிந்தால் வலி பின்வாங்கும் என்பது நம் மக்களுக்குப் புதிதல்ல, அவ்வளவுதான்.

சரி, அறைக்குள் என்ன நடக்கும்? முதலில் பேச்சு. என்ன தொல்லை, எத்தனை நாளாக, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்காதவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். பிறகு சாய்ந்து உட்காரச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, மெதுவாக எண்ணுவார். உடல் தளரும். நினைவு தப்பாது, பேச்சு காதில் விழும், வேண்டாம் என்றால் கண்ணைத் திறந்துவிடலாம். அந்த நிலையில் தொல்லைக்கு ஏற்ற யோசனைகளைச் சொல்வார். வாழ்நாளெல்லாம் தமிழிலேயே சிரித்து அழுத ஒரு தோட்டத்துப் பாட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னால் மனம் எப்படி ஒன்றும்? மொழி இங்கே மருந்தின் பாதி.

எதற்குப் பலன் தரும்? வயிறு அடிக்கடி வலிக்கும், ஒரு நாள் போக்கு, மறுநாள் மலச்சிக்கல், சோதனைகளில் ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்ட குடல் தொல்லை கடுமையாக இருந்த 30 பேரிடம் மான்செஸ்டரில் டாக்டர் வோர்வெல் குழுவினர் செய்த ஆய்வு 1984இல் வந்தது. ஹிப்னோதெராபி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஓராண்டு மருந்து சாப்பிட்டும் குறையாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் அரசாங்க வழிகாட்டி 2008இல் சொன்னது. மார்பக அறுவைச் சிகிச்சைக்கு முன் 15 நிமிடம் ஹிப்னோசிஸ் பெற்ற பெண்களுக்கு வலியும் குமட்டலும் குறைந்தன என்று 200 பேரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007இல் வெளியானது. ஆனால் சிகரெட்டை விட இதைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. அங்கேதான் சான்று பலவீனம். ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பு 2019இல், மற்ற வழிகளைவிட இது மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

மறந்துபோன சிறுவயது நினைவை மீட்டுத் தருகிறேன், முற்பிறவியைக் காட்டுகிறேன் என்பவர்களிடம் போகவே கூடாது. ஆழ்ந்த நிலையில் மனம் கற்பனையையும் உண்மையாக நம்பும். நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பிச் சொந்த அப்பா மேலேயே பழி சொன்ன வழக்குகள் அமெரிக்காவில் 1990களில் நீதிமன்றம் வரை போயின. காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று சொல்பவருக்கும் இது உகந்ததல்ல. அவருக்கு மனநல மருத்துவர்தான் வேண்டும். இனிப்புநீர், இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது.

மலேசியாவில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016இல் வந்தது. அதன்கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகள் ஏழு. சித்தா, ஆயுர்வேதம் அடங்கிய இந்திய மருத்துவம் அதில் உண்டு, ஹிப்னோதெராபி இல்லை. எனவே சுவரில் மாட்டிய சான்றிதழ் எத்தனை பெரியதாக இருந்தாலும், அது அரசாங்கப் பதிவாகிவிடாது. அவர் மருத்துவராகவோ மருத்துவமனை உளவியலாளராகவோ பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். எத்தனை முறை வர வேண்டும், ஒரு முறைக்கு எத்தனை வெள்ளி என்பதை முதல் நாளே கேளுங்கள். பத்து முறைக்கும் சேர்த்து முன்பணம் கேட்டால் யோசியுங்கள். அதற்கும் முன்னால், பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. தூக்கம் வராததற்குக் காரணம் தைராய்டாகவும் இருக்கலாம். அங்கிருந்து ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். அது தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகும் பஸ் அல்ல.