கல்லூரிக்கு ஏற்ற சைக்கிள் எது?

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"நீங்க இன்ஜினியராச்சே, பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுங்க" என்று விழாக்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ராக்கெட்டைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ, நான் சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள்! கல்லூரியில் சேர்ந்த கையோடு "பைக் வாங்கித் தாப்பா" என்று பிள்ளை அடம்பிடிப்பதும், அப்பா தவணைக்குக் கையெழுத்துப் போடுவதும் நம் ஊரில் பல வீடுகளில் நடக்கிற சங்கதி. படிப்பு முடிவதற்குள் தவணை முடிந்தாலும் பெட்ரோல் செலவு முடியாது. ஒரு நல்ல சைக்கிள் அந்தச் சுமையைக் குறைக்கும். ஆனால் அதைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. சாதாரண சைக்கிளில் முன்பல் சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் ஃப்ரீவீலில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். 26 அங்குலச் சக்கரமாக இருந்தால் வண்டி 5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். மன்னார்புரத்திலிருந்து ஸ்ரீரங்கம் சுமார் 10 கிலோமீட்டர். சிக்னல், சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசல் எல்லாம் சேர்த்தாலும் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஜங்ஷனோ காஜாமலையோ என்றால் கேட்கவே வேண்டாம்!

"கியர் வேண்டாமா சார்?" என்று கேட்பீர்கள். நம் ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலங்கள்தான். ஆடி மாதத்தில் காவிரிப் பாலத்தில் எதிர்க்காற்று கொஞ்சம் படுத்தும், அவ்வளவுதான். அதற்கும் கைவைத்தியம் உண்டு. 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் போட்டால், ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர்தான் நகரும், மிதிக்க லேசாகிவிடும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், முழங்கால் தப்பிக்கும்.

அடுத்தது, சைக்கிளைப் பார்ப்பதற்கு முன் உங்கள் தெரு மெக்கானிக்கைப் பாருங்கள். "அண்ணே, இதுக்குச் சாமான் கிடைக்குமா?" என்று அவரிடம் கேளுங்கள். 1951-இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் நிறுவனம் 2020 ஜூன் 3-ஆம் தேதி சாகிபாபாத் தொழிற்சாலையை நிறுத்தியது. அது உலக சைக்கிள் தினம் என்பதுதான் வேடிக்கை. ஆனாலும் அந்தப் பழைய கறுப்புச் சைக்கிள்கள் இன்னும் ஓடுகின்றன. காரணம் என்ன? அட்லஸ், ஹீரோ, ஹெர்குலிஸ் என்று பெயர் எதுவானாலும், சாதாரண ரோட்ஸ்டர் மாடல்களுக்குச் செயின், பால்ஸ், டயர் எல்லாம் பெரும்பாலும் ஒரே அளவு. கம்பெனியே மூடினாலும் வண்டி நிற்காது. ஏழைக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் உண்டா?

டயர் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். 26 அங்குலம் என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர். 26 × 1.95 என்கிற பருமனான டயருக்கு 559 மில்லிமீட்டர். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சேராது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

தடித்த டயரும் முன்பக்க ஸ்பிரிங்கும் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் மலிவு விலை வண்டியில் அந்த ஸ்பிரிங் எடையைக் கூட்டி, நாம் மிதிக்கிற பலத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அத்தகைய மாடல்கள் பலவற்றில் கேரியர் கிடையாது, முழு மட்கார்டு கிடையாது, செயின் கவர் கிடையாது. புத்தகப் பையை எங்கே வைப்பது? மழையில் முதுகெல்லாம் சேறு தெறித்தபடி வகுப்பில் எப்படி உட்காருவது? கல்லூரிச் சைக்கிள் என்றால் பையைத் தாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காந்தி மார்க்கெட்டிலிருந்து அம்மாவுக்குக் காய்கறியும் கொண்டுவர வேண்டும். கேரியர், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு, பூட்டு ஆகிய ஐந்தும் இருக்கிற வண்டிதான் எதற்கும் உதவும்.

இந்த இடத்தில் நம் பக்கத்து மாவட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் காத்திருக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பியதாகவும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். விளம்பரம் சொன்னபடி அல்லாமல், தங்கள் வேலை எதுவோ அதற்கேற்ப அவர்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் கற்க வேண்டிய பாடம் அதுதான்.

உயரம் பார்ப்பது மிக முக்கியம். குரங்குப் பெடல் போட்டது சின்ன வயதோடு போகட்டும்! குறுக்குக் கம்பிக்கு மேலாக இரண்டு காலையும் ஊன்றி நின்றால் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். "சைக்கிளே ஆகாது" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். ஒரு ஸ்பேனரில் தீருகிற பிரச்னை!

பிரேக் பற்றியும் ஒரு வார்த்தை. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் பரவாயில்லை. எந்த ரிம்மானாலும் மழையில் மெதுவாகப் போங்கள், முன்கூட்டியே பிரேக் பிடியுங்கள். இரவில் பின்பக்கம் சிவப்பு விளக்கு இல்லாமல் பைபாஸ் ரோட்டில் ஏறவே ஏறாதீர்கள். இதில் சிக்கனம் கூடாது.

இனி விலை. சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் புதிது வாங்குவதற்கு முன் வீட்டுத் திண்ணையைப் பாருங்கள். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. உங்களில் பலர் வீட்டில் அந்த வண்டி சும்மாவே நின்று துருப்பிடித்துக்கொண்டிருக்கும். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்றி, பால்ஸுக்கு கிரீஸ் வைத்து, வீலுக்குக் கோட்டம் எடுத்தால் புது வண்டி மாதிரி ஓடும். புதிது வாங்குகிற பணத்தில் சிறு பகுதிதான் ஆகும். அரசாங்கம் கொடுத்த சைக்கிள் என்று கூச்சப்படாதீர்கள். ஓட்டுகிற காலுக்கு எந்தச் சைக்கிளும் சொந்தச் சைக்கிள்தான்.

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு பம்பு, ஒரு ஸ்பேனர் செட்டு, பங்க்சர் சாமான் அடங்கிய பெட்டி ஆகியவற்றை நம் சங்கம் வைக்கலாம். என் பங்கை இன்றே பொருளாளரிடம் தருகிறேன். உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சும்மா நிற்கும் சைக்கிள்களையும் கொண்டுவாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தே முதல் வகுப்பைத் தவறவிடும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ அது போய்ச் சேரட்டும்.