பத்திரிகை முகப்பும் வாசகர் அபிப்பிராயமும்

(கண்ணமங்கலத்தில் வாலிபர்களிடையே செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இவ்வட்டார வாலிபர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்த முன்வந்திருக்கும் நீங்கள், அதன் முகப்பு அட்டை எப்படியிருக்க வேண்டும் என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டீர்கள். அட்டைதானே, அதற்கொரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பட்டு நெய்யும் ஊராருக்கு அட்டையின் யோக்கியதை தெரியாததல்ல. ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பாய் விழுந்தால், அத்தப்பு சேலையின் கரை நெடுகிலும் திரும்பத் திரும்ப வரும். பத்திரிகை அட்டையும் அச்சேறிய பின் வருந்திப் பயனில்லை. ஆதலால் முன்னதாகவே மக்களிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டியதுதான்.

யாரிடம் காட்டுவது? ஆசிரியர் கூட்டத்தார் நால்வரும் தங்களுக்குள் காட்டிக்கொண்டால், கண்ணாடியில் தன் முகத்தைத் தானே மெச்சிக்கொண்ட கதையாய் முடியும். தறி மேடைக்கும், பஸ் நிற்குமிடத்திற்கும், பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும், சேரிக்கும் மூன்று மாதிரிகளை எடுத்துச் செல்லுங்கள். இதுவரை எவரும் அபிப்பிராயம் கேட்டிராதவர்களை முதலில் கேளுங்கள்.

எதைக் கேட்பது? “நன்றாயிருக்கிறதா?” என்று கேட்டால் தாட்சணியத்திற்காக “ஆம்” என்பார்கள். கைப்பேசியில் கட்டைவிரல் படம் அனுப்புவதும் அப்படிப்பட்டதே. ஐந்து எண்ணும் வரை அட்டையைக் காட்டி மறைத்துவிட்டு, “என்ன கண்டீர்கள்? பத்திரிகையின் பெயர் என்ன? இது யாருக்காக நடத்தப்படுவது?” என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொள்ளுங்கள். பத்துப் பேரில் ஆறு பேருக்குப் பெயர் படிக்க முடியவில்லையென்றால் குற்றம் எழுத்தினுடையதே தவிர, அவர்கள் கண்ணினுடையதல்ல. “இது ஆண்பிள்ளைகள் பத்திரிகை” என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் அந்த மாதிரியைக் கிழித்தெறியுங்கள்.

ஆனால் தோழர்களே! அபிப்பிராயம் கேட்பது வேறு, கொள்கையை ஓட்டுக்கு விடுவது வேறு. நாளைக்கே நூறு பேர் கூடி, “சாமி படம் போடு, ஜாதிப் பட்டத்தைச் சேர், அப்போதுதான் விற்கும்” என்றால் போட்டுவிடுவதா? 1925-இல் ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’ முகப்பில் ஆசிரியர் பெயர் ‘ஈ.வெ.ராமசாமி நாயக்கர்’ என்றே இருந்தது. 1927 டிசம்பர் 25-ந் தேதி இதழில் ‘நாயக்கர்’ இல்லை. அன்று ஊரெல்லாம் ஓட்டெடுத்திருந்தால் அப்பட்டம் போயிருக்குமா? முகப்பில் முதலில் செய்து காட்டியதைத்தான் 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாகாண சுயமரியாதை மாநாடு எல்லோருக்கும் தீர்மானமாகச் சொல்லிற்று.

1935-இல் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தமும் இப்படித்தான். படிப்பவனுக்கும் அச்சுக் கோப்பவனுக்கும் சுளுவாக இருக்க வேண்டுமென்பதே அதன் நோக்கம். பழகாத கண்ணுக்கு அது கோணலாய்த் தோன்றியிருக்கும். 1978-இல் அரசாங்கமே அம்முறையை ஏற்று உத்தரவு போட்டது. ஆகவே, முதல் பார்வையில் பிடிக்கவில்லை என்பதும், படிக்க முடியவில்லை என்பதும் ஒன்றல்ல. பின்னதற்கு உடனே தலைவணங்குங்கள். முன்னதற்குக் காரணம் கேளுங்கள்.

எனவே, எழுத்தின் அளவு, நிறம், படம், விலை போடுமிடம் ஆகிய யாவற்றையும் வாசகரைக் கேட்டு மாற்றுங்கள். மனிதனுக்கு மனிதன் தாழ்ந்தவனல்ல, ஆணுக்குப் பெண் தாழ்ந்தவளல்ல என்பதை மாத்திரம் எவர் கேட்டாலும் மாற்றாதீர்கள் என்று சொல்லி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.