கூரை ஒருவருடையது, கட்டணம் இன்னொருவருடையது: வளைகுடாவில் வீட்டுச் சூரிய மின்சாரம்



ஆகஸ்டு மாத மின்கட்டணச் சீட்டைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது அதன் கடைசி வரியைத்தான். மேலே உள்ள வரிகளை நிதானமாகப் படிப்போர் மிகச் சிலரே. துபாய்ச் சீட்டில் மின்சாரம், குடிநீர், எரிபொருள் கூடுதல் கட்டணம், 2018 முதல் 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி ஆகியவை இடம் பெறுகின்றன. இவற்றோடு, வாடகைக்குக் குடியிருப்போர் ஆண்டு வாடகையில் 5 விழுக்காட்டை வீட்டுவசதிக் கட்டணமாக நகராட்சிக்குச் செலுத்துகின்றனர். அதுவும் பன்னிரண்டு தவணையாகப் பிரிந்து இதே சீட்டில்தான் வந்து சேர்கிறது. குளிர்சாதனத்தை அறவே நிறுத்தினாலும் அந்தத் தொகை ஒரு திர்ஹம் கூடக் குறையாது. ஆகவே, கூரையில் சூரியத் தகடு பதித்தால் கட்டணமே இராது என்று விற்பனையாளர் கூறும்போது, எந்த வரி குறையும், எந்த வரி குறையாது என்று கேட்பதே முதல் வேலை.

துபாயின் ஆட்சிமன்றம் 2014ஆம் ஆண்டின் 46ஆம் எண் தீர்மானத்தின் வழியாக, கட்டட உரிமையாளர்கள் தங்கள் சூரிய மின்சாரத்தை அரசு மின்தொடரோடு இணைக்க வழி திறந்தது. 2015இல் 'ஷம்ஸ் துபாய்' என்னும் பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. ஷம்ஸ் என்றால் அரபியில் கதிரவன். இதன் அடிப்படை நிகர அளவீடு, அதாவது நெட் மீட்டரிங். பகலில் தகடு தரும் மின்சாரத்தை வீடு முதலில் பயன்படுத்திக்கொள்ளும். மிஞ்சியது வெளியே மின்தொடருக்குப் போகும். இரு திசையிலும் அளக்கும் மீட்டர் அதைக் குறித்துக்கொள்ளும். மாத முடிவில், வாங்கிய யூனிட்டிலிருந்து கொடுத்த யூனிட் கழிக்கப்படும். அப்போதும் மிஞ்சினால் அடுத்த மாதக் கணக்கில் யூனிட்டாக வரவு வைக்கப்படும். பணமாகக் கைக்கு வராது. இதை அறியாமல், மின்சாரம் விற்று வருமானம் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் தேவைக்கு மீறிப் பெரிய அமைப்பை நிறுவுவது வீண் செலவாகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். துபாயில் குடியிருப்பு மின்சாரம் முதல் 2000 யூனிட் வரை யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ், 4000 வரை 28, 6000 வரை 32, அதற்கு மேல் 38 என்று படிப்படியாக ஏறுகிறது. மாதம் 3000 யூனிட் செலவாகும் ஒரு வீட்டுக்கு, கூடுதல் கட்டணங்களை விட்டுவிட்டால், 740 திர்ஹம் ஆகும். 5 கிலோவாட் தகடு அந்த நகரத்தில் மாதம் ஏறத்தாழ 700 யூனிட் தரக்கூடும். அந்த 700 யூனிட் மேல்படியிலிருந்து கழிவதால் மிச்சம் 196 திர்ஹம். மாதம் 7000 யூனிட் எரிக்கும் பெரிய வில்லாவிலோ அதே தகடு 266 திர்ஹம் மிச்சப்படுத்தும். ஆயிரம் யூனிட்டுக்குள் அடங்கும் சிறு குடும்பத்துக்கு 161தான். சிக்கனமாக வாழ்பவரைவிடத் தாராளமாகச் செலவழிப்பவருக்கே தகடு கூடுதலாக உழைக்கிறது. திட்டம் தீட்டியவர்களின் எண்ணம் இதுவாக இருந்திருக்க முடியாது. படிக்கட்டணமும் நிகர அளவீடும் சேரும் இடத்தில் விளைவு இப்படித்தான் அமைகிறது.

இனி வளைகுடாவின் தனித்தன்மைக்கு வருவோம். அபுதாபியில் 2017இல் வந்த கட்டண முறைப்படி, குறித்த அளவுக்குள் அமீரகக் குடிமகன் யூனிட்டுக்கு 6.7 ஃபில்ஸ் கொடுத்தார். அயலவர் 26.8 ஃபில்ஸ் கொடுத்தார். சரியாக நான்கு மடங்கு. வீட்டுத் தகடுகளை மின்தொடரோடு இணைக்கும் விதிமுறையை அபுதாபி வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். கத்தாரில் குடிமக்களின் வீட்டுக்கு மின்சாரம் இலவசம். குவைத்தில் 1966இல் யூனிட்டுக்கு 2 ஃபில்ஸ் என்று நிர்ணயித்த கட்டணம் குடிமக்களின் வீடுகளுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் அசையவில்லை. அயலவர் பெரும்பாலும் குடியிருக்கும் வாடகை அடுக்ககங்களுக்கு மட்டும் 2017இல் அது 5 ஃபில்ஸ் ஆயிற்று. (குவைத் ஃபில்ஸ் வேறு, அமீரக ஃபில்ஸ் வேறு. அங்கே ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார், இங்கே நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹம்.) இலவசமாகக் கிடைக்கும் மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பல்லாயிரம் செலவழித்துத் தகடு பதிப்பவர் எவரும் இலர்.

ஆக, கூரை உள்ளவருக்குக் கட்டணச் சுமை இல்லை. கட்டணச் சுமை உள்ளவருக்குக் கூரை இல்லை. துபாய் ஷம்ஸ், ஓமானின் 'சாஹிம்', பஹ்ரைனின் நிகர அளவீடு என்று பெயர்கள் பல இருந்தும், வீட்டுக் கூரைகளில் தகடு பெருகாமைக்கு இந்த முரணே முதன்மைக் காரணம் எனலாம். தமிழர்களுள் துபாயில் சொந்த வில்லா வைத்திருப்போர் மிகச் சிலர். எஞ்சியோர் அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கின்றனர், அல்லது ஓர் அறையைப் பலரோடு பகிர்கின்றனர், அல்லது நிறுவனத்தின் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்கின்றனர். விண்ணப்பம் கட்டட உரிமையாளரின் ஒப்புதலோடுதான் போக வேண்டும். கட்டணம் குடியிருப்பவர் தலையில் விழுகையில், செலவு செய்து தகடு பதிக்க உரிமையாளருக்கு என்ன அக்கறை?

அந்தத் தகடுகளை ஏற்றிப் பூட்டுவோரில் தமிழ்நாட்டு மின்பணியாளர்களும் உள்ளனர். அமீரகச் சட்டப்படி ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. தகடு நன்றாக உழைக்கும் நேரத்தில் அதைப் பூட்டியவர் நிழலில் ஒதுங்கியிருப்பது அவர் உரிமை. ஒப்பந்தக்காரரின் அவசரம் அதை விழுங்கிவிடக் கூடாது.

மின்வாரியத்தின் பக்க நியாயத்தையும் மறைக்கலாகாது. முகமது பின் ராஷித் அல் மக்தூம் சூரியப் பூங்காவின் ஐந்தாம் கட்டத்துக்கு 2019இல் கிடைத்த விலை யூனிட்டுக்கு 1.6953 அமெரிக்க சென்ட், அதாவது ஏறக்குறைய 6 ஃபில்ஸ். பாலைவனத்தில் 6 ஃபில்ஸுக்குக் கிடைக்கும் அதே சூரிய மின்சாரத்தை, கூரையிலிருந்து வரும்போது 23 முதல் 38 ஃபில்ஸ் மதிப்பில் வாரியம் கழித்துக் கொடுக்கிறது. இரவில் அந்த வீட்டுக்கு மின்சாரம் தரக் கம்பியும் மின்மாற்றியும் வேண்டும். அந்தச் செலவு தகடு இல்லாதவர் கட்டணத்தில் ஏறும் என்ற அச்சம் உலகெங்கும் உண்டு. 2020இல் துபாய் மனை ஒன்றுக்கு 2080 கிலோவாட் என்று வரம்பு வைத்து விதிகளை இறுக்கியது. அது கிடங்குகளையும் ஆலைகளையும் பாதித்ததே அன்றி வீடுகளை அன்று. ஆயினும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அது காட்டியது.

கூரை இல்லாதவருக்கும் பங்கு தரும் வழி இல்லாமல் இல்லை. டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் மெய்நிகர் நிகர அளவீட்டுக்கு நெறிமுறை வகுத்தது. ஓரிடத்தில் நிற்கும் தகட்டில் பலர் பங்கு வாங்கி, அவரவர் வீட்டு மீட்டரில் அவரவர் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். வீடு மாறினாலும் பங்கு உடன் வரும் வகையில் விதி அமைந்தால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறும் அயலவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை. அமீரகத்தின் 2022ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் (எண் 17) மின்தொடரில் சிறு உற்பத்தி நிலையங்களை இணைப்பதை நாடு முழுமைக்கும் ஒழுங்குபடுத்தியது. குடியிருப்பவரையும் உற்பத்தியாளராக ஏற்குமாறு வணிக அவைகளும் சமூக அமைப்புகளும் முறையாக மனு அளிக்க வேண்டிய இடம் அதுவே. வில்லாவை வாடகைக்கு எடுப்போர், தகட்டின் பயன் யாருக்கு, தூசி துடைக்கும் செலவு யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நன்று. புழுதிக் காற்று அடித்த மறுநாள் துடைக்கப்படாத தகடு கண்கூடாகக் குறைத்தே தரும்.

இறுதியாக ஊரில் உள்ள கூரை. பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் பலர் வளைகுடாவிலிருந்தே தொலைபேசியில் தகடு வாங்கிவிட்டனர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பூட்டிக் கிடக்கும் வீட்டிலும், முதிய பெற்றோர் இருவர் மட்டும் வாழும் வீட்டிலும் கட்டணமே சொற்பம், அதைக் குறைக்கத் தகடு தேவையில்லை. குளிர்சாதனமும் மோட்டாரும் ஓடும் வீட்டுக்கு அது நிச்சயம் பயன் தரும். விண்ணப்பிக்கும் முன் இரண்டு ஆண்டு மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மின் இணைப்பு இன்னும் மறைந்த தந்தையார் பெயரிலேயே இருப்பின், கோடை விடுமுறையில் ஊர் போகும்போது பெயர் மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும்.