ஆராய்ச்சி உத்தியோகமா? குரு சேவையா?

(விழுப்புரம் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்து சர்வகலாசாலைக்கு ஆராய்ச்சி செய்யப் போகிற நம் பிள்ளைகளின் கதி என்ன என்பதாகும். இது படித்தவர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று கிராமத்துத் தோழர்கள் எழுந்து போய்விட வேண்டாம். திண்டிவனம் பக்கம் மல்லாட்டை போடுகிறவர்கள் டி.எம்.வி. 2 என்ற விதையின் பேரைக் கேட்டிருப்பீர்கள். டி.எம்.வி. என்றால் திண்டிவனம். குடியாத்தம் கொத்து என்ற இரகத்திலிருந்து பொறுக்கியெடுத்து 1940-இல் வெளியிடப்பட்ட விதை அது. எந்த ரிஷியும் தவமிருந்து வரவழைத்ததல்ல. எந்த அம்மனும் கொடுத்த வரமுமல்ல. வெயிலில் நின்று செடி செடியாகப் பார்த்து, காய் எண்ணி, எடைபோட்டு, கணக்கெழுதிக் கண்டதாகும். எந்த ஆராய்ச்சியிலும் இந்தக் காய் எண்ணுகிற வேலை சின்னவன் தலையில்தான் விழும்.

அந்தச் சின்னவனுக்குக் கூலி என்ன? நெட் பரீட்சையில் மேலிடம் பெற்று ஜே.ஆர்.எப். ஆனவனுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 என்றும், இரண்டு வருஷம் கழித்து ரூ.42,000 என்றும் யு.ஜி.சி. ஏற்படுத்தியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கிடைப்பவர் சிலரே. அது கிடைக்காமல் மத்திய சர்வகலாசாலையில் சேர்ந்தவர்களுக்கு 2012 முதல் வைத்த தொகை ரூ.8,000. அதையும் நிறுத்தப் போவதாக 2015-இல் சொன்னபோது மாணவர்கள் டில்லியில் யு.ஜி.சி. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டுமில்லாதவன் அப்பன் நிலத்தை அடமானம் வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறான்.

கிடைக்கிற தொகையாவது மாதாமாதம் வருகிறதா? ஐதராபாத்தில் 2016 ஜனவரி 17-இல் உயிரை மாய்த்துக்கொண்ட ரோகித் வெமுலா, தமக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கியிருப்பதைக் கடைசிக் கடிதத்தில் எழுதிவைத்துப் போனார். அந்தப் பணத்தை வாங்கி வீட்டாரிடம் கொடுக்கச் சொன்னார். சாகும்போதும் சம்பளப் பாக்கி கேட்க வேண்டிய உத்தியோகம், தோழர்களே, இதற்குப் பெயர் உயர்கல்வி!

வேலையைப் பார்ப்போம். 2022-ஆம் வருஷத்து யு.ஜி.சி. விதிப்படி, ஆராய்ச்சி மாணவன் வாரத்தில் 4 முதல் 6 மணி நேரம் பாடத்துக்கும் சோதனைச்சாலைக்கும் உதவலாம். நம்மிடம் வந்து சொல்லுகிற பிள்ளைகள் கதையோ வேறு. வழிகாட்டிக்குப் பதிலாக வகுப்பெடுக்கிறான், விடைத்தாள் திருத்துகிறான், அவர் பேரில் கட்டுரை எழுதுகிறான், ஒருவன், வழிகாட்டி வீட்டுக்குக் காய்கறி வாங்கிப்போட்டதாகவும் சொன்னான். எல்லா ஆசிரியரும் இப்படியில்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஐந்து வருஷ உழைப்பு பாழ் என்ற ஏற்பாட்டில், நல்லவர் கிடைப்பது லாட்டரிச் சீட்டு விழுவது போலத்தானே?

இதற்குக் "குரு பக்தி" என்று பேர் வைத்துவிட்டார்கள். ஏகலைவன் கதையை நமக்குப் பள்ளிக்கூடத்தில் பக்திக்கு உதாரணமாகச் சொன்னார்கள். பாடமே சொல்லித் தராதவன் கட்டைவிரலைக் கூலியாக வாங்கிக்கொண்டான் என்பதல்லவா கதை? ஆலந்து தேசத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளமும் விடுமுறையும் ஒப்பந்தமும் உள்ள உத்தியோகஸ்தர்கள். அங்கே யாரும் பேராசிரியர் காலில் விழுவதாகத் தெரியவில்லை, ஆராய்ச்சியும் நின்றுபோகவில்லை.

பட்டம் வாங்கிய பிறகு என்ன? விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளைப் போன்றவற்றில் கௌரவ விரிவுரையாளராகப் போகலாம். அந்தக் "கௌரவ"த்துக்கு யு.ஜி.சி. 2019-இல் மாதம் ரூ.50,000 வரை சொல்லியிருக்க, தமிழ்நாட்டில் 2024-இல் கொடுத்தது ரூ.25,000, அதுவும் வருஷத்தில் பதினொரு மாதம். பன்னிரண்டாம் மாதம் கௌரவத்தையே சாப்பிட வேண்டும் போலிருக்கிறது!

ஆகையால் பிள்ளைகளை ஆராய்ச்சிக்கு அனுப்பாதீர்கள் என்கிறோமா? இல்லவே இல்லை. நாம் விட்டுவிட்டால் அந்த இடத்தில் உட்காரக் காத்திருப்பவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். சேருவதற்கு முன் உதவித்தொகை எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, கட்டுரையில் யார் பேர் முதலில் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபிக்கிறவரிடம் சேராதீர்கள். நெட் பரீட்சைக்கு மனுப்போட வேண்டிய பிள்ளைகள் கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருங்கள். முன்பு எழுதித் தேறிய தோழர்கள் இருவர் வந்திருக்கிறார்கள்.